தடை கேட்கும் முன் இடம் கேளுங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைவீதி வணிகர்களுக்கும் குடியிருப்போருக்கும்,

வணக்கம். பொது இடங்களில் படுத்துறங்கத் தடை கேட்டு மாநகராட்சிக்கு நீங்கள் தயாரித்திருக்கும் மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று ஆளாளுக்கு விளக்குவதைவிட எழுதிவிடுவது மேல்.

‘அமெரிக்காவிலேயே கோர்ட் தடை போட்டாச்சு’ என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்டிருந்தார். பாதிதான் உண்மை. ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்றொரு சின்ன ஊர். பூங்காவில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம் என்று வைத்திருந்தார்கள். வீடில்லாதவன் அதற்கு எங்கே போவானோ! அப்படித் தண்டிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் ஒப்பவில்லை. தடை போடலாம் என்பதுதான் தீர்ப்பு, போட்டே ஆகவேண்டும் என்பதல்ல.

நம் நாட்டில், பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றுவதை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை என்று அதுவும் சொல்கிறது, மறைப்பானேன். ஆனால் பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதுதான், அகற்றுவதானால் முன்னறிவிப்பு கொடுத்து முறைப்படி செய்யவேண்டும் என்றும் சொன்னது. வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஏழை படுப்பான் என்பது அந்த நீதிபதிகளுக்குப் புரிந்திருந்தது.

என் கடை வாசலில் ஒரு பெரியவர் படுக்கிறார். மூட்டை தூக்குபவர். யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த ஃபிளெக்ஸ்தான் பாய். விடியுமுன் எழுந்து, மாப்பிள்ளை பெண் முகம் மடியாமல் அதைச் சுருட்டி, ஷட்டர் இடுக்கில் செருகிவிட்டு, பாட்டில் தண்ணீர் தெளித்து வாசலைக் கூட்டுவார். லாரி வரும் நேரத்துக்கு அவர் மார்க்கெட்டில் இருந்தாக வேண்டும். ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டால் கூலி போச்சு.

குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்கள், மூத்திர நாற்றம், எல்லாம் எனக்கும் தெரியும். அதற்கு ராத்திரியிலும் திறந்திருக்கும் கழிப்பறை கேட்போம்.

லட்சம் பேருக்கு ஒன்று வீதம், 100 பேர் தங்க, ஆளுக்கு 50 சதுர அடியுடன் இரவு பகல் திறந்திருக்கும் தங்குமிடம் வேண்டும் என்று மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமே விதி வகுத்தது. கடலூர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய ஊர். அந்தக் கணக்கில் நமக்கு எத்தனை வரவேண்டும், எத்தனை இருக்கிறது, அவை மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தானா, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று மனுவை மாற்றி எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் தெருக் கடைக்காரன்