அண்ணாவுக்கு, மணிக்கூட்டுப் பட்டி விஷயமாக

அண்ணா,

அப்பாவின் மணிக்கூட்டுச் செயினைக் கழற்றிவிட்டேன். போன சனிக்கிழமை, புறக்கோட்டையில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி வாசிக்க முன்னமே ஃபோனைத் தூக்குவீர்கள்.

வட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் குரல்பதிவில் பதில் சொல்வீர்கள், நான் அதை முழுக்கக் கேட்க மாட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர் பலரும் இங்கே வாசிக்கிறார்கள் என்று தெரியும் (பெரியம்மா, சுகமா?). ஆகவே காணி பற்றி இதில் ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு பற்றியும் இல்லை. பட்டி பற்றி மட்டும்.

அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னீர்கள். பூட்டினேன், ஒரு வருஷம் முழுக்க. அந்த சீக்கோ 5-க்குச் சாவி கொடுக்க வழியே இல்லை. கை ஆட வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு சுழன்று சுருளை முறுக்கும். கழற்றி வைத்தால் இரண்டு நாள் தாங்காது. ஒருநாள் திறந்து பார்த்தேன், நாலு இருபதில் நின்றிருந்தது. எந்தக் கிழமை என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை, அரபியில் இருந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றலாம்தான். அப்பா மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.

அன்றே எடுத்துக் கட்டினேன். அப்பாவின் கை எங்கே, என் கை எங்கே! முழங்கை வரை ஓடி வந்தது. இரண்டு கண்ணி எடுக்க வைத்தேன். இதை உங்களிடம் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். எடுத்தும் சரிவரவில்லை. இலாஸ்டிக் செயின் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே, விரியும்போது ஒன்றும் செய்யாது, சுருங்கும்போது கை மயிரைப் பிடித்து இழுக்கும். அதற்குமேல் கொழும்பு வியர்வை. ஒரு மாதத்தில் மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து கடிக்கத் தொடங்கியது. நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டொக்டர். எனக்கு மலிவான தோடும் ஒத்துக்கொள்ளாதே.

அப்புறம் தேடல்தான், இதே அளவுள்ள என் பழைய மணிக்கூட்டில் ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்து. பட்டி மாட்டுகிற இரண்டு காதுக்கும் இடையில் உள்ள அகலம் 18 மில்லிமீட்டர், அது கிடைக்காத அளவில்லை. ஆனால் கடையில் தொங்குகிற தோல் பட்டியெல்லாம் இந்தக் காலத்துப் பெரிய மணிக்கூடுகளுக்கு வெட்டினது. தடிப்பு. இந்தச் சின்ன மணிக்கூட்டில் அதைக் கட்டினால் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டமாதிரி. மெல்லியது ஒன்று கிடைத்தது, நல்ல வடிவு. மே மாத மழை தொடங்கியதும் உள்பக்கம் பூஞ்சணம் பிடித்து மணக்கத் தொடங்கிவிட்டது. சிலிக்கன் கழுவ லேசு, ஆனால் அடியில் தோல் மூச்சுவிடாது, கழற்றினால் ஊறிப்போன விரல் மாதிரி வெள்ளையாக இருக்கும். நேட்டோ பட்டி என்று ஒன்று, பிரித்தானிய இராணுவத்துக்கு 1973 இல் வந்த மாதிரியாம். ஒரே நீளத் துணி, ஒரு பக்கக் கம்பி அறுந்தாலும் மணிக்கூடு விழாது. அது எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் அடியில் இரண்டு மடிப்பு ஓடுவதால் மணிக்கூடு கைமேல் தூக்கிக்கொண்டு நின்றது, பஸ்ஸில் எல்லாக் கம்பியிலும் இடித்தது.

கடைசியில் பெர்லோன். ஜெர்மனியில் இருந்து வந்த சிநேகிதி கொண்டுவந்தாள். பின்னிய நைலோன்தான், பாய் மாதிரி. ஓட்டையே கிடையாது, பக்கிளின் ஊசி பின்னலுக்குள் விரும்பிய இடத்தில் இறங்கும். காலையில் ஓர் இடம், மத்தியானம் கை வீங்கினால் அரை விரல் தள்ளி. கழுவிக் கிறில்லில் போட்டால் தேத்தண்ணி குடித்து முடிய முன்னம் காய்ந்துவிடும்.

கை வீங்கினால் என்று எழுதிவிட்டேன்.

அந்த இரவு அப்பாவின் கை வீங்கியிருந்தது. சேலைன் ஏறின கை. மணிக்கூட்டைக் கழற்றச் சொல்லி நேர்ஸ் இரண்டாம் தரமும் வந்து சொன்னா. அப்பா கையைத் தரவில்லை. முதலில் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பதினொன்றரை. உதடு அசைந்தது, கணக்குப் பார்த்தார், ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. "அங்க இப்ப ரெண்டு மணி. வேலையில நிப்பான்" என்றார். பிறகுதான் கையை நீட்டினார். நான் செயினை விரித்து விரலுக்கு மேலால் இழுத்தேன், எவ்வளவு மெல்ல இழுத்தும் கடித்தது, முகத்தைச் சுழித்தார். கழற்றின இடத்தில் ஒவ்வொரு கண்ணியும் தோலில் பதிந்து இருந்தது. பூரான் ஊர்ந்த தடம் மாதிரி. தடவிவிட்டேன், போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் கேட்டார், "அவன் எடுத்தவனோ?"

ஓம் என்றேன். "நீங்கள் நித்திரையாக இருக்கும்போது ஃபோன் எடுத்தவர், நாளைக்கு எடுக்கிறாராம்" என்றேன்.

நீங்கள் விடியத்தான் எடுத்தீர்கள். அதற்குமேல் இங்கே எழுதவில்லை.

பொய் சொன்னது பிழைதான். உங்கள் பெயரில் சொன்னது அதைவிடப் பிழை. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேறு என்ன சொல்லியிருக்கலாம், நீங்களே சொல்லுங்கள். இரண்டு வேலை, பனி, பிள்ளைகள், எல்லாம் தெரியும், சரி. நாலு வருஷமாக உங்களைக் குறை சொன்னவர்களிடம் எல்லாம் உங்களுக்காகத்தான் கதைத்திருக்கிறேன். ஆனால் ஒரு செயினுக்காக ஒரே இரவில் நாலு குரல்பதிவு அனுப்ப உங்களுக்கு நேரம் இருந்ததே, அண்ணா.

சனிக்கிழமை 100 ஆம் இலக்க பஸ்ஸில் போனேன். புறக்கோட்டை வாசலில் கான் மணிக்கூட்டுக் கோபுரம். எத்தனை தரம் அதன் அடியால் போயிருப்போம், கல்வெட்டை அன்றுதான் வாசித்தேன். பார்ஸிக் குடும்பம். தகப்பனின் நாலாம் ஆண்டு நினைவுநாளில், 1923 ஜனவரி 4 இல், மகன்கள் இரண்டு பேர் சேர்ந்து ஊருக்குக் கொடுத்தது. நாலாம் ஆண்டு! நாளை மறுநாள் எங்களுக்கும் அதுதான். அவர்கள் கோபுரம் கட்டியிருக்கிறார்கள், நாங்கள் பட்டிக்குச் சண்டை பிடிக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்தில் இளநீர் விற்றவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

திருத்துகிற ஐயா வயதானவர், மேசை ஒரு முழம்கூட இல்லை. ஒரு பக்க ஸ்பிரிங் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுங்கோ மகள் என்று விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார். பிறகு கம்பி வந்தது, செயின் மேசையில் விழுந்தது. உடனே பிறஷை எடுத்து பெற்றோலில் தோய்த்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். கண்ணிக்கு இடையில் ஒரு நரை மயிர் மாட்டியிருந்தது, அரை அங்குலம்கூட இராது.

கழுவவில்லை. அப்படியே வாங்கிக்கொண்டேன்.

மணிக்கூடு இப்போது என் கையில் ஓடுகிறது, நாளுக்கு ஒரு நிமிஷம் முந்துகிறது. அதை நான் தரமாட்டேன். செயின் உங்களுடையது. டொபி டின் ஒன்றில் வைத்திருக்கிறேன், தபாலில் போட விருப்பமில்லை, வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுப்பித்த இரண்டு கண்ணியும் ஒரு கடதாசியில் சுற்றி அதற்குள்ளேயே இருக்கின்றன, உங்கள் கைக்கு அவை தேவைப்படும்.