புது லேப்டாப் வாங்குவதற்கு முன், அம்மு

அன்புள்ள அம்முவுக்கு,

நீ கதைப் புத்தகத்தை வாசித்து ரெக்கார்ட் செய்து அனுப்பிய இரண்டாம் அத்தியாயத்தை ஹெட்போன் போட்டு முழுவதும் கேட்டேன். வாசிப்பு நன்றாக வந்திருக்கிறது, அதைப் பற்றி அம்மா தனியாக எழுதுவாள், அவளுக்கு அந்தப் பாட்டி பேசும் இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. என் காது மட்டும் அந்த 'டிக்' சத்தத்திலேயே இருந்தது. நீ சொன்ன மாதிரி ஒழுங்கே இல்லாமல்தான் வருகிறது, சில நிமிடம் ஒன்றுமே இல்லை, அப்புறம் அடுத்தடுத்து இரண்டு மூன்று. லேப்டாப் பழசாகிவிட்டது, புதுசு வாங்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

முதலில் அது உன் வாயிலிருந்து வருகிறதா, கம்ப்யூட்டரிலிருந்து வருகிறதா என்று பார்த்தேன், ஏனென்றால் உதடும் நாக்கும் ஒட்டிப் பிரியும் சத்தமும் கேட்பதற்குக் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கினால் வித்தியாசம் தெரிந்துவிடும். வாய்ச்சத்தம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஏறி இறங்கி அடங்கும். கம்ப்யூட்டர் தவறவிட்ட இடத்தில் கோடு பாதியில் அறுந்து வேறொரு உயரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் இருந்த துண்டைக் காணோம். உன் ஃபைலில் இருப்பது இந்த இரண்டாவது வகை. அந்தத் துண்டு பதிவாகவே இல்லை, அதனால் சத்தம் நீக்கும் எந்தக் கருவியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, பூசி மெழுகலாம், அவ்வளவுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு மைக், 24 பிட், நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்வது ஒரு சாம்பிள்). ஒரு சாம்பிளுக்கு 3 பைட், ஆக நொடிக்கு 1,44,000 பைட். நிமிடத்துக்கு 8.6 எம்பி, ஒரு மணி நேரம் விடாமல் வாசித்தாலும் 520 எம்பிக்குள் அடங்கிவிடும். இது எந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் தூசு மாதிரி. உன் லேப்டாப்பில் நீ சினிமா பார்க்கும்போது அது இதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது. அதனால் உன் லேப்டாப்புக்குத் தெம்பு இல்லை என்பதை நான் நம்ப மாட்டேன். தெம்பு இருந்தும் சரியான நேரத்துக்கு வந்து சேரவில்லை, பிரச்சினை அங்கேதான்.

குழாயடியில் இரண்டு குடத்தை வைத்து மாற்றி மாற்றித் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள். குழாய் நிற்காது. ஒரு குடம் நிரம்பும் நேரத்தில் மற்றதை நகர்த்தி வைக்க ஆள் அங்கே இருக்க வேண்டும், அவர் பலசாலியா இல்லையா என்பது விஷயமே இல்லை. அந்தக் குடத்தைத்தான் பஃபர் என்கிறோம். நீ வைத்திருக்கும் 128 சாம்பிள் என்ற அளவில் குடம் 2.7 மில்லிநொடியில் நிரம்பிவிடும், நொடிக்கு 375 தடவை ஆள் ஓடி வர வேண்டும். அதில் ஒரே ஒரு தடவை தாமதமானாலும் ஒரு 'டிக்'. 1024 வைத்தால் 21 மில்லிநொடி அவகாசம். 'பஃபரை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது' என்று யாரோ வீடியோவில் சொன்னதாக எழுதியிருந்தாய் அல்லவா, அது கீபோர்ட் வாசிக்கிறவர்களுக்கும், எஃபெக்ட் போட்ட தங்கள் குரலை அந்தக் கணமே காதில் கேட்டபடி பாடுகிறவர்களுக்கும் பொருந்தும். கட்டையை அழுத்தியதும் சத்தம் வர வேண்டும் என்பதால் அவர்களுக்கு வேறு வழியில்லை. நீ கதை வாசிக்கிறாய். உனக்கு ஏன் அந்த அவசரம்?

உன் குரல் உனக்குக் கேட்க வேண்டும் என்பது சரிதான். அதற்கு ஹெட்போனை லேப்டாப்பிலிருந்து கழற்றி, மைக் செருகியிருக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸிலேயே, அதாவது மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெட்டியிலேயே, செருகு. அதில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் உன் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றி வராமல் நேராகக் காதுக்கு வந்துவிடும், தாமதமே தெரியாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. மைக் ஒரு கருவியிலும் ஹெட்போன் இன்னொரு கருவியிலும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். இரண்டுமே 48,000 என்று சொல்லிக்கொண்டாலும் ஒன்று ஒரு துளி முந்தும், மற்றது பிந்தும், அந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து அவ்வப்போது ஒரு சாம்பிளை விழுங்கும் அல்லது திணிக்கும். சீரான இடைவெளியில் 'டிக்' வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். உன்னுடையது ஒழுங்கில்லாமல் வருகிறது, அதனால் முக்கியக் காரணம் வேறு என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் மாற்றிவிடு. ப்ளூடூத் ஹெட்போன் பக்கமே போகாதே.

சரி, தாமதத்துக்கு யார் காரணம்? விண்டோஸ் எல்லா வேலைக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது, குறித்த நேரத்துக்குள் இதை முடித்தே தீருவேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. விஸ்டா காலத்திலிருந்தே ஒலி, ஒளி வேலைகளுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது, ஆனால் அந்த முன்னுரிமை சாதாரண நிரல்களுக்கு மேலேதான். வைஃபை, கிராபிக்ஸ் கார்டு, பேட்டரி இவற்றின் டிரைவர்கள், அதாவது அந்தக் கருவிகளை இயக்கும் நிரல்கள், அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கின்றன. அவை டிபிசி என்கிற வரிசையில் தங்கள் வேலையைப் போட்டுவிட்டால் அது முடியும்வரை அந்த பிராசசர் கோரில் உன் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஓரமாக நிற்க வேண்டியதுதான். நன்றாக எழுதப்பட்ட டிரைவர் கண் இமைப்பதற்குள் முடித்துவிட்டுப் போகும். மோசமாக எழுதப்பட்டது சில மில்லிநொடி பிடித்துவைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 5 சதவீதம் என்று காட்டும்போதே சத்தம் உடைவது இதனால்தான், அது சராசரியைக் காட்டுகிறது, நம்மைக் கவிழ்ப்பது ஒரே ஒரு மோசமான கணம்.

இதைக் கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. நீ வழக்கமாக ரெக்கார்ட் செய்யும் நிலையில் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு அதை ஓடவிடு, பத்து நிமிடமாவது ஓடட்டும். டிரைவர்ஸ் என்ற பக்கத்தில் அதிக நேரம் பிடித்த டிரைவர் எது என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம். என்டிஐஎஸ் என்று தொடங்கும் பெயர் மேலே இருந்தால் நெட்வொர்க், பெரும்பாலும் வைஃபை. ஏசிபிஐ என்றால் பேட்டரி, மின்சார நிர்வாகம் சம்பந்தப்பட்டது. என்வி என்று தொடங்கினால் என்விடியா கிராபிக்ஸ். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டுப் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று அம்மு, நீ சின்ன வயசிலிருந்தே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கலைத்துப்போட்டுவிட்டு எது எதனால் சரியானது என்று தெரியாமல் நிற்கிறவள். வைஃபைதான் குற்றவாளி என்றால் லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து புது டிரைவர் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் வாசிக்கும்போது அணைத்து வைப்பதில் உனக்கு என்ன நஷ்டம்?

அடுத்தது மின்சார அமைப்பு. வைஃபைக்கு அடுத்து இதில்தான் என் சந்தேகம், ஏனென்றால் லேப்டாப் எப்போதும் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கவே பார்க்கும். வேலை குறைவாக இருந்தால் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அரைத் தூக்கத்துக்குப் போகும், உன் வேலையோ மேலே சொன்ன கணக்குப்படி மிகச் சின்னது, அதனால் அது தூங்கித் தூங்கி விழிக்கும். சார்ஜரைச் செருகிக்கொண்டே ரெக்கார்ட் செய். பவர் பிளானில் ஹை பெர்ஃபார்மன்ஸ் இருந்தால் அதை வை, சில புது லேப்டாப்புகளில் பேலன்ஸ்டு மட்டும்தான் இருக்கும், அப்போது செட்டிங்ஸில் பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினால் போதும். (சார்ஜர் செருகியதும் பதிவில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கேட்டால் அது மின் இணைப்புச் சிக்கல், இதோடு குழப்பிக்கொள்ளாதே, தனியாக எழுது.) அதே பவர் ஆப்ஷன்ஸின் கூடுதல் அமைப்புகளில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதை அணை. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும் 'மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம்' என்கிற பொருளில் ஒரு டிக் குறி இருக்கும், எடுத்துவிடு. கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வந்தால் மைக்கே லிஸ்டில் இல்லை என்று போன மாதம் புலம்பினாயே, அது அநேகமாக இந்தச் சேமிப்பின் கைங்கரியம்தான். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகு, ஒரு போர்ட்டில் சரிவரவில்லை என்றால் மறுபக்கத்துப் போர்ட்டில் போட்டுப் பார்.

டிரைவர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்கள் தந்த ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போட்டு, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரிலும் அதையே தேர்ந்தெடு. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த வழி இது, விண்டோஸின் ஒலிக்கலவையைத் தொடாமல் நேராகக் கருவியோடு பேசும். உன் சாஃப்ட்வேரில் அது இல்லையென்றால் விண்டோஸிலேயே இருக்கும் வாசாபி என்ற ஒலி வழியின் எக்ஸ்க்ளூசிவ் மோடைப் பயன்படுத்து. விண்டோஸ் ஒலி அமைப்பிலும் சாஃப்ட்வேரிலும் 48,000 என்றே இருக்கட்டும், ஒரு இடத்தில் 44,100 இன்னொரு இடத்தில் 48,000 என்றால் வழியில் யாராவது மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்னணியில் ஓடுகிறவற்றைப் பற்றி. நீ டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் ரெக்கார்ட் செய்கிறாய், பல லேப்டாப்புகளில் அந்த ஃபோல்டரை ஒன்டிரைவ் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கும், நீ வாசிக்க வாசிக்க அது மேலே ஏற்றப் பார்க்கும். சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே ரெக்கார்ட் செய், முடிந்தபிறகு காப்பி எடுத்து மேலே ஏற்று. ஆன்டிவைரஸில் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விலக்கிவை, ஆன்டிவைரஸையே நிறுத்தாதே. அப்டேட்டும் அப்படித்தான். ஆக்டிவ் ஹவர்ஸில் 18 மணி நேரம்வரை குறித்துவைக்கலாம், அதற்குள் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது, சில வாரங்களுக்கு பாஸ் செய்தும் வைக்கலாம். ஒரேயடியாக முடக்கிப்போடும் தந்திரங்கள் வேண்டாம், இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது ஆபத்து. விண்டோஸின் சிஸ்டம் சவுண்டுகளை 'நோ சவுண்ட்ஸ்' என்று வைத்துவிடு, இல்லாவிட்டால் மெயில் வரும் 'டிங்' உன் ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறும்.

ரெஜிஸ்ட்ரி சுத்தம் செய்யும் நிரல், 'ஒரே கிளிக்கில் வேகம்' என்று வரும் பூஸ்டர், நூறு சர்வீஸ்களை நிறுத்தும் ஸ்கிரிப்ட், ராம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் பேஜ்ஃபைலை அணைக்கச் சொல்லும் யோசனை இவை எதையும் தொடாதே. எக்ஸ்பி காலத்தில் 512 எம்பி ராம் வைத்துக்கொண்டு போராடியபோது அவற்றில் சிலவற்றுக்கு அர்த்தம் இருந்தது. ஜன்னல் நிழலையும் அனிமேஷனையும் எடுத்தால் இன்று உனக்கு ஒரு 'டிக்' கூடக் குறையாது. பேஜ்ஃபைல் இல்லாமல் ராம் நிரம்பினால் சாஃப்ட்வேர் நடுவாசிப்பில் செத்துப்போகும்.

உன் தம்பி லினக்ஸ் போடச் சொல்கிறான் என்று தெரியும். அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது, பல வருடம் தனி ஒட்டாக (பேட்ச்) இருந்த ரியல்டைம் வசதி, அதாவது வேலையைக் குறித்த நேரத்தில் முடிக்க உதவும் வசதி, 2024-ல் 6.12 பதிப்போடு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் பாதிப் புத்தகத்தில் இருக்கும்போது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்றாதே. அவன் லேப்டாப்பில் அவன் செய்துகொள்ளட்டும்.

எல்லாம் செய்தபிறகு உன் தொண்டையைச் செலவழித்துச் சோதிக்க வேண்டாம். ஃபோனில் 1,000 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு மைக் முன்னால் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, நீ வேறு வேலையைப் பார். அப்புறம் அந்தப் பதிவை, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் திற. டோன் நேரான ஒரு கிடைக்கோடாகத் தெரியும், துண்டு விழுந்த இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு குறுக்கே வெட்டும். கதவு சாத்துகிற சத்தமும் கோடு போடும், அதனால் சந்தேகம் வந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள். கோடே இல்லாத ஒரு மணி நேரம் கிடைத்தால் மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்கு.

லேட்டன்சிமான் காட்டும் டிரைவர் பட்டியலை வைஃபை போட்டு ஒன்று, அணைத்து ஒன்று என்று இரண்டு படமாக எடுத்து அனுப்பு. இரண்டாம் அத்தியாயத்தில் 'டிக்' விழுந்த வரிகளை மட்டும் மறுபடி வாசித்தால் போதும், நிமிடம், நொடியோடு குறித்து வைத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன். மைக்கும் நாற்காலியும் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நகர்த்தினால் ஒட்டுப்போட்ட வரிகள் குரலில் தனியாகத் தெரியும்.

அன்புடன்,
அப்பா