ஆவணப்பட இயக்குநரிடம் என்ன கேட்பது?

மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ந்தேன், இங்கும் நலமே. உங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் இனி மாதந்தோறும் ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்டு, இயன்றபோதெல்லாம் அதை எடுத்தவரையே வரவழைத்துப் பேசவைக்கப் போகிறது என்பதும், அந்த உரையாடலை நடத்தும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதும் மிக நல்ல செய்திகள். "படத்தின் பொருளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாதே, கேமராவைப் பற்றியோ ஒன்றுமே தெரியாதே, நான் என்ன கேட்பேன்?" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டே இந்த வாரம் முழுவதும் பழைய நேர்காணல்களை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளைப் பற்றிய கேள்விகளைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, படத்தை எப்படி எடுத்தார் என்று கேளுங்கள். எங்கே நின்றார், கேமராவை வெளியே எடுக்காமல் எத்தனை காலம் அந்த மனிதர்களோடு பழகினார், யாரிடம் அனுமதி பெற்றார், எந்த இடத்தில் கேமராவை நிறுத்தினார், எடுத்ததில் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். நம் ஊர்களில் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எழும் முதல் கேள்வி, "இதற்குத் தீர்வு என்ன?" என்பது. இரண்டாவது, "அரசு நடவடிக்கை எடுத்ததா?" என்பது. மூன்றாவதாக எழுபவர் கேள்வி எதுவும் கேட்காமல் சொற்பொழிவாற்றிவிட்டு அமர்ந்துவிடுவார். இயக்குநரும் ஓர் அதிகாரியைப் போலவோ இயக்கத் தலைவரைப் போலவோ பதில் சொல்லி முடிக்க, நாம் எல்லோரும் சற்றுமுன் கண்ட படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப்படாமலே கூட்டம் கலைந்துவிடும்.

சாக்கடைக்குள் மனிதர்கள் இறந்துகொண்டிருக்கும்போது லென்ஸைப் பற்றியா பேசுவது என்று உங்கள் சங்கத்தில் யாரேனும் கோபப்படக்கூடும். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், துன்பப்படும் ஒருவருக்கு எவ்வளவு அருகில் கேமரா போகலாம், அவர் அழும்போது அது அங்கேயே நிற்கலாமா என்பவையெல்லாம் தொழில் சார்ந்த முடிவுகளாகத்தான் இயக்குநர் முன் வந்து நிற்கின்றன; அவற்றை எப்படி எடுத்தார் என்று அவர் சொல்லத் தொடங்கினால், அந்த மனிதர்களைப் பற்றியும் அந்த ஊரைப் பற்றியும் எந்த அறிக்கையிலும் இல்லாத செய்திகள் தாமாகவே வந்துவிடுகின்றன.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்து, சட்டம் படித்துவிட்டுப் படமெடுக்க வந்த பிரெடரிக் வைஸ்மன் இதற்கு நல்ல சான்று. அவர் படங்களில் பின்னணி விளக்கக் குரல் இல்லை, பேட்டி இல்லை, சேர்க்கப்பட்ட இசையும் இல்லை. மருத்துவமனை, பள்ளி, ஏழைகளுக்கான அரசு உதவித்தொகை அலுவலகம், நூலகம் என்று ஒவ்வொரு நிறுவனமாக நுழைந்து, சில வாரங்கள் அங்கேயே இருந்து, நடப்பதைப் படமாக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அவர் கேமராவைத் தொட்டதில்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒலிப்பதிவு செய்வது அவருடைய வேலையாக இருந்தது. அடுத்து யாரைப் படமாக்கவேண்டும் என்பதை மைக்கின் திசையாலும் கைச்சாடையாலும் ஒளிப்பதிவாளருக்குத் தெரிவிப்பார். காதால் படமெடுத்தவர் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன். படத்தொகுப்பைப் பற்றி அவர் பேசியவை எனக்கு இன்னும் வியப்பளிக்கின்றன. எடுத்தது நூறு மணி நேரத்துக்கு மேல் போனாலும் அத்தனையையும் முதலில் பொறுமையாகப் பார்த்து, உணவகங்களுக்குத் தருவதுபோல் ஒவ்வொரு காட்சிக்கும் நட்சத்திரக் குறி இட்டு, பாதியைக் கழித்துவிட்டு, மிஞ்சிய காட்சிகளை ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் செதுக்குவார். அதன் பிறகு படத்தின் முழு அமைப்பும் சில நாட்களிலேயே கூடிவந்துவிடும் என்பார். நடுநிலை என்ற சொல்லை அவர் ஏற்றதே இல்லை. கேமராவை எங்கே திருப்புகிறோம் என்பதிலேயே சார்பு வந்துவிடுகிறது. படத்தில் செலவிட்ட காலத்தில் தான் கற்றதற்கு நேர்மையாக இருப்பதுதான் தன்னால் இயன்றது என்பது அவர் நிலை.

அவர் இயக்கிய முதல் படமான 'டிட்டிகட் ஃபாலிஸ்' 1967இல் வந்தது. குற்றவழக்குகளில் சிக்கிய மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த பிரிட்ஜ்வாட்டர் அரசு மருத்துவமனைக்குள் எடுக்கப்பட்ட படம் அது. நிர்வாகத்தின் அனுமதியோடு எடுத்திருந்தும், நோயாளிகளின் அந்தரங்கம் மீறப்பட்டது என்று மாசச்சூசெட்ஸ் அரசு வழக்குத் தொடுத்துத் தடை பெற்றது. பொதுமக்கள் அதைப் பார்க்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே நடந்த கொடுமை வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சியே அரசு அந்தரங்கத்தைக் கேடயமாக்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆடையின்றி ஒரு வெற்று அறையில் நிறுத்தப்பட்டிருக்கும் மனிதர், தன்னைப் படமெடுக்கலாம் என்று சம்மதிக்கும் நிலையில் இருந்தாரா என்ற கேள்வியையும் என்னால் கைவிட முடியவில்லை. இரண்டும் ஒரே படத்துக்குள் இருக்கின்றன. உங்கள் விருந்தினரிடம் சம்மதத்தைப் பற்றிக் கேட்கும்போது, கையெழுத்து வாங்கினீர்களா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சம்மதித்தவர் பிறகு மனம் மாறியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் கேளுங்கள்.

கேள்வியே கேட்காத வைஸ்மனுக்கு நேர் எதிர்முனையில் நிற்பவர் பிரான்சின் குளோட் லான்ஸ்மன். 1985இல் வெளியான 'ஷோவா' ஒன்பதரை மணி நேரம் ஓடும். அதை முடிக்க அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. யூதப் படுகொலையைப் பற்றிய அந்தப் படத்தில் பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூட இல்லை. உயிர் பிழைத்தவர்களும் ஊர்க்காரர்களும் குற்றம் செய்தவர்களும் பேசுகிறார்கள், அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நாஜிகளின் கொலைமுகாமான ட்ரெப்ளிங்காவில் நச்சுவாயு அறைக்குப் போகும் பெண்களின் தலைமுடியை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஆபிரகாம் போம்பாவை அவர் இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தகத்தில் நிறுத்திப் பேசவைத்தார். அந்தக் கடை படப்பிடிப்புக்காக வாடகைக்கு எடுக்கப்பட்டது. போம்பா அதற்குள் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கத்தரி கையில் ஓடிக்கொண்டிருக்க அமைதியாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், தன்னோடு வேலை செய்த நண்பரின் மனைவியும் சகோதரியும் உள்ளே வந்த நாளைச் சொல்லப்போகையில் பேச முடியாமல் நின்றுவிடுகிறார். நீண்ட நேரம் ஒரு சொல்லும் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று லான்ஸ்மனின் குரல் வற்புறுத்துகிறது. கேமரா நகரவில்லை.

இந்தக் காட்சியைக் கொடுமை என்பவர்கள் உண்டு. நான் லான்ஸ்மன் பக்கம்தான் நிற்கிறேன். அவர் தன் வற்புறுத்தலைப் படத்திலிருந்து வெட்டி எறியவில்லை. அழுகையை மட்டும் நமக்குக் காட்டிவிட்டு, அதை வரவழைத்த தன் குரலை மறைத்துக்கொள்ளவில்லை. இன்றைய தொலைக்காட்சிகளில் நாள்தோறும் நடப்பது அதுதானே. யார் அழவைத்தார், எப்படி அழவைத்தார் என்பதைப் பார்வையாளர் கண்ணுக்கு எட்டாமல் செய்துவிட்டு, கண்ணீரை மட்டும் நெருக்கமாகக் காட்டுகிறார்கள்.

கேட்கும் முறைக்காக ஒரு கருவியையே உருவாக்கியவர் அமெரிக்க இயக்குநர் எரால் மாரிஸ். அவருடைய கருவியில், பேசுபவரின் முன்னால் லென்ஸ் இருக்கும் இடத்திலேயே கண்ணாடித் திரை ஒன்றில் மாரிஸின் முகம் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துப் பேசுபவர் நம் கண்ணைப் பார்த்தே பேசுவதாகப் படத்தில் விழுகிறது. ஆனால் அவருடைய மிகப் பெரிய பதில் அந்தக் கருவிக்கு முன்பே கிடைத்தது. டல்லாஸ் நகரில் 1976இல் நடந்த காவலர் கொலையில் ராண்டல் ஆடம்ஸ் என்பவர் தண்டனை பெற்றிருந்தார். 'தி தின் புளூ லைன்' (1988) படத்துக்காக மாரிஸ் உண்மையான குற்றவாளியோடு கடைசியாகப் பேசியபோது கேமரா பழுதாகியிருந்ததால், ஒலிநாடாவில் மட்டுமே அதைப் பதிய முடிந்தது. படத்தின் இறுதியில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியைத்தான் நாம் பார்க்கிறோம். குரல் மட்டும் கேட்கிறது. ஆடம்ஸ் 1989இல் விடுதலையானார். விடுதலையான பிறகு, தன் வாழ்க்கைக் கதையின் உரிமை யாருக்கு என்று அதே ஆடம்ஸ் மாரிஸ்மீது வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்துக்கு வெளியே அது முடித்துக்கொள்ளப்பட்டது. சிறையிலிருந்து மீட்ட படமாயினும் கதை யாருடையது என்ற வழக்கு தீர்ந்துவிடுவதில்லை. படம் வந்த பிறகு அந்த மனிதர்களோடு உறவு எப்படி இருக்கிறது என்று ஒவ்வோர் இயக்குநரிடமும் கேட்கச் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் இந்தக் கேள்வியைப் படத்துக்குள்ளேயே வைத்தவர் ஆனந்த் பட்வர்தன். மும்பையின் குடிசைகள் இடிக்கப்படுவதைக் காட்டும் அவருடைய 'பம்பாய் அவர் சிட்டி' (1985) படத்தில், வீடிழந்த பெண் ஒருவர் கேமராவை நோக்கியே கோபத்தோடு திரும்புகிறார். எங்களைப் படமெடுத்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது, எங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அந்தக் கோபத்தின் சாரம். வெட்டிவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பட்வர்தன் வைத்திருந்தார். அதே படத்தில் பாடிய தலித் பாடகர் விலாஸ் கோக்ரே, 1997 ஜூலையில் மும்பையின் ரமாபாய் நகரில் காவல்துறை சுட்டுப் பத்துப் பேர் இறந்த சில நாட்களில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இழப்பிலிருந்து தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் எடுத்த படம்தான் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011). ஒரு படத்தில் பாடியவருக்குப் பட்ட கடனை இன்னொரு படத்தால் தீர்க்க முயன்றார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். தணிக்கைக்கு எதிராக அவர் நடத்திய வழக்குகளைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். அவை ஏற்கெனவே நன்கு பதிவாகியிருப்பதால் நீங்கள் அங்கே அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

எங்கள் மதுரையைச் சேர்ந்த ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003) உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கவேண்டும். கோயிலுக்கு அருகிலுள்ள தெருவொன்றில் மனித மலத்தை அள்ளும் மாநகராட்சிப் பெண் பணியாளரின் வேலையைத் தொடர்ந்து செல்லும், அரை மணிக்கும் குறைவான படம். அந்த நாற்றத்தில் கேமராவோடு எவ்வளவு தூரத்தில் நின்றார், அந்தப் பெண் குனியும்போது தானும் குனிந்தாரா என்று கேட்டால், சாதியைப் பற்றி நீங்கள் எதிர்பாராத பதில் வரும். தம் கேமராவே 2004 சுனாமியில் அழிந்துபோனதை வைத்துப் படமெடுத்த ஆர்.வி. ரமணியிடம், பதிவு என்பதையே அவர் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்கலாம்.

வீட்டுச் செய்தி ஒன்றும் உண்டு. அண்ணன் மகள் இப்போது ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறாள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய படமொன்றில் வேலை செய்துவிட்டு வந்து, ஹெட்போனை என் காதில் மாட்டிச் சில துண்டுகளைக் கேட்கவைத்தாள். ஒவ்வொரு பேட்டிக்குப் பிறகும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து, அந்த இடத்தின் வெறும் ஓசையை மட்டும் பதிவு செய்துகொள்வார்களாம். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது தேவைப்படும். பேட்டி முடிந்துவிட்டதென்ற நிம்மதியில் அந்த ஒரு நிமிடத்துக்குள்தான் பலரும் உண்மையில் சொல்ல நினைத்ததைச் சொல்லத் தொடங்குகிறார்கள் என்றாள். நான் கேட்ட துண்டில் காற்றும், தொலைவில் ஒரு பம்புசெட்டும், பிறகு ஓர் அம்மாவின் குரலும் இருந்தன: "கண்ணு கூசுதுன்னு சொன்னேன்ல, இப்ப ராத்திரியிலயும் அப்படித்தான் இருக்கு." அதுவரை கூலியைப் பற்றியே பேசிவந்தவர். அந்த வரியைப் படத்தில் வைக்கலாமா என்று இயக்குநர் மறுநாள் போய் அவரிடமே கேட்டு, சரியென்ற பிறகே எடுத்துக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு நிமிடத்தைப் பற்றி விருந்தினரைப் பேசவைத்துவிட்டீர்களானால், கண்பார்வை, வெயில், கூலி, மருத்துவச் செலவு எல்லாமே அதன் பின்னால் வந்து சேரும்.

ஒரு வேண்டுகோள். உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்குங்கள். ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய தம் படத்துக்காக உலகம் சுற்றித் துண்டு துண்டாகப் படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940இல் வெளியிட்ட வரலாற்றை அவரே தமிழில் எழுதிவைத்ததால்தான், அந்த உழைப்பு இன்று நமக்குத் தெரிகிறது. அதற்குப் பின் வந்தவர்களில் எத்தனை பேருடைய தொழிலனுபவம் தமிழில் அச்சாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மைக் பிடிக்க அண்ணன் மகள் வரத் தயார். தட்டச்சு செய்து திருத்தித் தருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வைஸ்மனின் 'சிட்டி ஹால்' படத்தைத் திரையிடும் எண்ணமிருந்தால், அது நாலரை மணி நேரம் ஓடும் என்பதால், மாலையில் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தொடங்கி நடுவில் சாப்பாட்டுக்கு விடுங்கள். முதல் கூட்டத்தின் தேதி முடிவானதும் எழுதுங்கள், இரண்டு நாள் தங்குகிறாற்போல் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்