எந்தக் காலத்தில், சேகர்?

அன்புள்ள சேகர்,

பதில் எழுத நாளாகிவிட்டது, திட்டிக்கொள். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பாலு சொன்னான். சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடு. ஹாஸ்டலில் நீ மாத்திரை சாப்பிட்ட லட்சணம் எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் சௌக்கியம். மருமகளுக்கு மாற்றல் வந்திருக்கிறது, அந்தப் புலம்பல் இன்னொரு நாள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பழைய கௌபாய் படங்களில் அமெரிக்கப் பூர்வகுடிகளைக் காட்டிய விதம் பற்றி என் மகள் கேட்டதற்கு, "அந்தக் காலத்தில் அப்படித்தாம்மா, அதைப் போய்க் கிளறாதே" என்றாயாம். எந்தக் காலத்தில், சேகர்? மாடு ஓட்டிய காலத்திலா, படம் எடுத்த காலத்திலா?

மாடு ஓட்டிய காலம் என்றால், அந்த வேலை பார்த்தவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். சுருக்குக் கயிறு வீசும் வித்தையே மெக்சிகோக்காரர்களிடம் கற்றதுதான். திரையில் எங்கே போனார்கள் இவர்கள் எல்லாம்?

சரி, படம் எடுத்த காலம். டைரக்டர் ஜான் ஃபோர்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு போன மான்யுமென்ட் வேலி, நவாஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களே குதிரையேறி வந்து ஒரு படத்தில் அப்பாச்சி, இன்னொன்றில் கமாஞ்சி, வேறொன்றில் ஷயான் என்று வேறு வேறு இனத்தவர் ஆனார்கள். வசனம் பேசுகிற தலைவன் வேடம் மட்டும் அவர்களுக்கு இல்லை. 'தி சர்ச்சர்ஸ்' (1956) படத்தின் கமாஞ்சித் தலைவன் ஸ்கார், பெர்லினில் பிறந்த ஹென்றி பிராண்டன். நீலக் கண்ணடா அந்த ஆளுக்கு! 'ப்ரோக்கன் ஏரோ'வில் (1950) அப்பாச்சித் தலைவராக வந்த ஜெஃப் சாண்ட்லர் புரூக்ளின்காரர்; ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனார். அசல் மோஹாக் இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸுக்கு அதே படத்தில் சின்ன வேடம். ஆள் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வாய்?

நவாஹோ நடிகர்கள் தங்கள் மொழியில் கெட்ட கெட்ட ஜோக்குகளைச் சொல்லிவைத்தார்கள், ஸ்டுடியோக்காரர்கள் அதைக் கம்பீரமான வசனம் என்று நம்பினார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாளாய் உலவுகிறது. கதையாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பி.டி. மாஸ்டர் ஞாபகம் வந்திருக்குமே உனக்கு!

விளையாட்டை விடு. என்னைத் தூங்கவிடாதவர் கறுப்பின நடிகர் வுடி ஸ்ட்ரோட். ஃபோர்டின் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962) படத்தில், டாம் என்ற வேடத்தில் வரும் ஜான் வேயினின் வேலைக்காரன் பாம்பியாக வருவார். ஊர் வகுப்பறையில் எழுந்து சுதந்திரப் பிரகடனத்தை ஒப்பிக்கிறார். எல்லா மனிதரும் சமம் என்ற வரி வருகிற இடத்தில் தடுமாறுகிறார். பலருக்கும் அந்த இடம்தான் மறந்துபோகிறது என்கிறார் வாத்தியாராக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அடுத்து வேயின் வந்து, வேலை கிடக்கிறது போ என்று விரட்டுகிறார். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடும்போது பாம்பி வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஆறடிக்கு மேல் உயரம், 1946இல் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் கறுப்பர்களுக்கு இருந்த தடையை உடைத்தவர்களில் ஒருவர், "மிஸ்டர் டாம், மிஸ்டர் டாம்" என்று பின்னாலேயே நடக்கிறார். ஃபோர்டுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, சேகர். தெரியாமல் அந்தக் காட்சியை எடுக்க முடியாது. அதனால்தான் 'அந்தக் காலம்' என்ற சமாதானம் எனக்குச் செரிக்கவில்லை.

அதே ஃபோர்டு 1960இல் 'சார்ஜென்ட் ரட்லெட்ஜ்' எடுத்து ஸ்ட்ரோடையே கதையின் நாயகனாக்கினார் என்று நீ மடக்குவாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டைட்டிலில் முதல் பெயர் யாருடையது என்று பார்த்துவிட்டு எழுது. வெள்ளைக்கார நடிகர் ஜெஃப்ரி ஹண்டர்!

உன்,
மூர்த்தி