கடற்கரை விளக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளியே வரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுப் பக்கம் ஏறி வருவது நமக்குத் தெரிந்த விஷயம்தான். வருஷா வருஷம் பேசுகிறோம், அப்புறம் மறந்துவிடுகிறோம். "அலைச் சத்தம் இவ்வளவு பக்கத்தில் கேட்கிறது, இது ஏன் எதிர்ப்பக்கம் போகிறது, இந்த ஜீவனுக்குக் கொஞ்சம்கூட அறிவில்லையா?" என்று நடைப்பயிற்சிக்கு வருகிற படித்தவர்களே கேட்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் குறை யார் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை. தாய் ஆமை ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நூறு, நூற்றிருபது முட்டை இட்டு, மணலைத் தள்ளி மூடி, உடம்பாலேயே தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குப் போனால் அந்தக் குழியைத் தேடி மறுபடி வராது. 45 முதல் 60 நாள் வரை மணல் சூடுதான் அடைகாக்கிறது. பொரிந்த குஞ்சுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, மேல்மணல் சுட்டால் அங்கேயே அசையாமல் கிடக்கும், மணல் குளிர்ந்ததும் கிளம்பும். அதனால்தான் பெரும்பாலும் இரவிலேயே வெளிவருகின்றன. வெளியே வந்ததும் அது பார்ப்பது ஒன்றைத்தான்: அடிவானத்தில் எந்தப் பக்கம் தாழ்வாகவும் வெளிச்சமாகவும் இருக்கிறது? தரைப்பக்கம் மணல்மேடும் தாழம்புதரும் மரங்களும் இருட்டாக உயர்ந்து நிற்கும், கடற்பக்கம் நிலாவும் நட்சத்திரமும் தண்ணீரில் பட்டு வெளிறித் தெரியும். கோடிக்கணக்கான வருஷங்களாக இந்தக் கணக்கு தப்பவில்லை, ஏனென்றால் ராத்திரியில் கடலைவிட வெளிச்சமான கரை என்று ஒன்று இருந்ததே இல்லை. அலைச் சத்தத்தை வைத்து அது வழி தேடுவதில்லை, கண்ணை நம்பித்தான் போகிறது. ஒரு கண்ணை மட்டும் மூடிவிட்டால் குஞ்சு வட்டமடிக்க ஆரம்பித்துவிடும் என்பதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீரில் இறங்கியதும் விதி மாறிவிடுகிறது. அங்கே வெளிச்சத்தை விட்டுவிட்டு அலை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை எதிர்த்து நீந்தும், கரையிலிருந்து விலகிய பிறகு பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் காந்த விஷயத்தை அமெரிக்க உயிரியலாளர் கென்னத் லோமன் 1991-ல் பெருந்தலை ஆமை என்ற இன்னொரு வகைக் கடலாமையின் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டுக் காட்டினார். சுற்றியிருந்த காந்தப்புலத்தைத் திருப்பினால் குஞ்சு நீந்தும் திசையும் திரும்பியது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத உயிருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை வழிகாட்டி இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது. அதைப் போய் அறிவில்லாதது என்கிறோம்.

ஆனால் இந்த மாதிரி பிறவியிலேயே வருகிற பழக்கங்கள் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு, ஆரம்பித்துவிட்டால் சூழ்நிலை மாறினாலும் பாதியில் நிற்காது. கூட்டிலிருந்து உருண்டுபோன முட்டையை கிரேலாக் என்ற காட்டு வாத்து அலகால் உருட்டிக் கொண்டுவரும்போது நடுவில் முட்டையை எடுத்துவிட்டாலும் இல்லாத முட்டையை அது கூடுவரை உருட்டி முடிக்கும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லோரன்ஸ், டின்பெர்கன் இருவரும் 1938-ல் எழுதியது இது. 1973-ல் இவர்களுக்கும் கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஆமையிடமே இதைப் பார்க்கலாம். துடுப்பு போன்ற பின்னங்கால் ஒன்று அறுந்துபோன தாய் ஆமை குழி தோண்டும்போது இருக்கிற துடுப்பால் ஒரு முறை மணலை அள்ளிவிட்டு, அடுத்த முறை இல்லாத துடுப்பின் முறைக்காக அந்த மொட்டைக் காலை வீசும், பிறகுதான் மறுபடி இந்தப் பக்கம் வரும். பார்க்கிறவருக்கு மனசு தாங்காது. குஞ்சும் அப்படித்தான். "இது கடல் இல்லை, தெருவிளக்கு" என்று யோசித்துத் திரும்புவதற்கு அதனிடம் வேறு வழியே கிடையாது. கம்பத்தடிக்கு வந்துசேர்ந்த குஞ்சு அங்கேயே சுற்றிச் சுற்றி, மணலில் பின்னல் பின்னலாகத் தடம் போட்டுக் களைத்துவிடும். விடிந்தால் காக்கை, அதற்கு முன்னாலேயே நாய். கடலில் நீந்திக் கடக்க வைத்திருந்த தெம்பெல்லாம் அந்த விளக்கடியிலேயே தீர்ந்துபோகிறது.

அதனால் மாற வேண்டியது நாம் வைத்த விளக்குதான். 1988-லிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரி ராத்திரியாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் எல்லாக் குழியும் கண்ணில் பட்டுவிடாது. தப்பிய குழியின் குஞ்சுகள்தான் ரோட்டுக்கு வருகின்றன.

வெளிச்சத்தைக் குறைத்தால் பெண்களுக்குப் பாதுகாப்பு இருக்காது, குப்பத்து மீனவர்கள் விடியற்காலையில் படகு தள்ள முடியாது என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் கடற்கரையையே இருட்டாக்கச் சொல்லவில்லை. குஞ்சுகள் வெளிவரும் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை உயர்கோபுர விளக்குகளுக்கு மட்டும் இரவில் ஓய்வு கொடுக்கலாம். தெருவிளக்குக்குக் கடற்பக்கம் மூடி போட்டு ரோட்டில் மட்டும் வெளிச்சம் விழச் செய்யலாம், வெள்ளை எல்இடிக்குப் பதில் செம்மஞ்சள் விளக்கு போடலாம். இந்த நிறம் குஞ்சுகளை அவ்வளவாக இழுப்பதில்லை. புளோரிடாவில் கடற்கரை ஊர்கள் பலவற்றில் இதற்குச் சட்டமே இருக்கிறது.

அப்புறம் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து செல்போன் டார்ச்சைக் குஞ்சின் முன்னால் அடிக்காதீர்கள், அது உங்கள் பின்னாலேயே வரும். எடுத்துத் தண்ணீரில் வீசவும் வேண்டாம், வனத்துறைக்கோ தன்னார்வலர்களுக்கோ சொல்லுங்கள்.

மாநகராட்சிக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த ஜனவரிக்கு முன்னால் ஒரு ராத்திரி அதிகாரிகள் யாராவது மணலில், அலையோரத்தில் நின்று கரையைத் திரும்பிப் பார்க்கட்டும். அங்கிருந்து எந்த விளக்கின் பல்பு நேராகக் கண்ணில் படுகிறதோ அந்தக் கம்பத்தின் நம்பரைக் குறித்துக்கொண்டு முதலில் அதற்கு மூடி போடட்டும். கடற்கரையோர அடுக்குமாடிக்காரர்களும் ஓட்டல்காரர்களும் இதற்கு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, மொட்டைமாடி விளக்கை இன்றைக்கே நிறுத்திவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர், திருவான்மியூர், சென்னை