உயர் நீதிமன்றச் சுவரில் அடுத்த துளை போடும் முன்

மாண்பமை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கும், கட்டடப் பொறுப்பிலுள்ள நீதியரசர்களுக்கும், பொதுப்பணித் துறைப் பொறியாளர்களுக்கும், வளாகத்தைக் காத்துவரும் மத்திய தொழில் பாதுகாப்புப் படை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். சுண்ணாம்புச் சாந்து, செங்கல் வளைவு, தேக்கு உத்தரம் என்று இவற்றோடுதான் என் நாட்கள் போகின்றன. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். பாதுகாப்புக்காக நீதிமன்றத்துக்குள் கொண்டுவரப்படும் எந்தப் பொருளும், கட்டடத்துக்குக் காயம் இல்லாமல் நாளை கழற்றி எடுத்துவிடக் கூடியதாக இருக்க வேண்டும். கேமரா, கம்பி, தடுப்பு, கதவு, சோதனை இயந்திரம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு நிபந்தனை போதும்.

காவல் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2011 செப்டம்பர் 7 அன்று டெல்லி உயர் நீதிமன்ற வாசலில் குண்டு வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 செப்டம்பரில் டெல்லி ரோகிணி நீதிமன்றத்துக்குள் வழக்கறிஞர் உடையில் வந்தவர்கள் ஒரு விசாரணைக் கைதியைச் சுட்டுக் கொன்றார்கள். நம் வளாகமும் அமைதியாகவே இருந்துவிடவில்லை. 2009 பிப்ரவரி 19 அன்று போலீசாரும் வழக்கறிஞர்களும் இங்கே மோதிக்கொண்ட காட்சி யாருக்கும் மறந்திருக்காது. 2015-ல் தலைமை நீதிபதியின் நீதிமன்ற அறைக்குள்ளேயே போராட்டம் நடந்ததை அடுத்து, அந்த ஆண்டு நவம்பரில் மத்தியப் படை காவலுக்கு வந்தது. அண்மைக் காலமாக மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல்களும் வருகின்றன. நீதிபதியும் வழக்கறிஞரும் குமாஸ்தாவும் வழக்காடியும் பயமில்லாமல் வந்துபோக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மிரட்டல்கள் வருவதும் போவதுமாக இருக்கும். அவற்றின் தன்மையும் மாறும். பாதுகாப்புக் கருவிகளோ அதைவிட வேகமாகப் பழசாகின்றன. இன்று பொருத்தும் கேமராவைப் பத்தாண்டுக்குள் கழற்றி வீசத்தான் போகிறோம். அதற்காகச் சுவரில் போட்ட துளை மட்டும் அங்கேயே இருக்கும். புதிய கேமராவின் தாங்கி பழைய துளைக்குப் பொருந்தாது, பக்கத்தில் இன்னொன்று போட வேண்டியிருக்கும். பழைய அரசுக் கட்டடங்களில் ஒரே தூணில் மூன்று தலைமுறைத் துளைகளைப் பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். தொலைபேசிக்கு ஒன்று, குளிரூட்டிக்கு ஒன்று, கண்காணிப்புக்கு ஒன்று. எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அந்தந்த நேரத்தின் அவசரம் அப்படிச் செய்ய வைத்தது.

இந்தக் கட்டடம் 1892 ஜூலை 12 அன்று திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் பிராசிங்டன் வரைந்த திட்டத்தை, அவருக்குப் பின் வந்த கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் முடித்துக் கொடுத்தார். ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். வெளிநாட்டுப் பாணியையும் முகலாயக் குவிமாடத்தையும் உள்ளூர்க் கொத்தனாரின் கையையும் சேர்த்துக் கட்டிய இந்தோ-சாரசெனிக் கட்டடங்களில் இதற்கு இணையானவை நாட்டிலேயே சிலதான். சிவப்புச் செங்கல், வளைவு வளைவாக நீளும் நடைகள், வண்ணக் கண்ணாடிக் கதவுகள், சித்திரத் தரையோடுகள், தீட்டிய கூரைகள் என்று இதைப் பாராட்ட ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அங்கே தினமும் வேலை பார்க்கும் உங்களுக்கு அது தெரியாததும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ஒரு பெரிய பாதுகாப்புக் கருவியைத் தன் தலையில் சுமந்தது. கலங்கரை விளக்கத்தைத்தான் சொல்கிறேன். 1844-ல் எழுந்த கிரேக்கத் தூண் போன்ற பழைய கலங்கரை விளக்கம் இன்றும் வளாகத்தில் நிற்கிறது. 1894-ல் அதன் வேலையை நீதிமன்றத்தின் உயரமான கோபுரம் ஏற்றுக்கொண்டது. மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வந்த 1977 வரை, எண்பதாண்டுகளுக்கு மேல் கப்பல்களுக்கு வழிகாட்டிய வெளிச்சம் நீதிமன்றத்தின் உச்சியிலிருந்துதான் போனது. பிறகு விளக்கின் வேலை முடிந்தது. கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குக் கருவிக்கான இடத்தைக் கட்டடத்தோடு சேர்த்தே யோசித்தார்கள். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியபோது இந்த வளாகமும் அடிபட்டது. அதைத் தாங்கிய செங்கல்லை நாம் துளைப்பானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லக் கூடாது.

கொல்வது என்பது மிகையான சொல் இல்லை. அக்காலச் செங்கல்லின் வெளித்தோல்தான் நன்கு வெந்து இறுகியது. உள்பகுதி அதைவிட மென்மையானது. துளைப்பான் தோலை உடைத்ததும் ஈரம் நேராக உள்ளே இறங்குகிறது. துறைமுகமும் கடலும் எதிரிலேயே இருக்கின்றன. காற்றில் எப்போதும் உப்பு. துளைக்குள் அடித்த இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருக்கும், பருத்ததும் சுற்றியுள்ள செங்கல் வெடிக்கும். பிறகு யாராவது வந்து அந்த வெடிப்பைச் சிமெண்டால் அடைப்பார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் பக்கத்துச் செங்கல்லைத் தேடிப் போகிறது. கைப்பிடி அளவு சிமெண்டுக்காகச் சில ஆண்டுகளில் ஒரு கஜச் சுவரை மாற்ற வேண்டி வருகிறது. பழைய அச்சில் வார்த்துச் சுட்ட செங்கல்லும், கடுக்காயும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த சுண்ணாம்பும், அதைப் பூசத் தெரிந்த கையும் இன்று எவ்வளவு அரிது என்பதைப் பொதுப்பணித் துறையின் பாரம்பரியப் பிரிவில் இருப்பவர்கள் அறிவார்கள்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. ஆணி அடித்தே ஆக வேண்டுமென்றால் செங்கல்லில் அடிக்காமல் இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்துக் கோட்டில், துருப்பிடிக்காத எஃகு ஆணியாக அடிக்கலாம். கழற்றிய பிறகு சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடலாம். தூண்களில் துளையே போடாமல், அடியில் மெத்தை வைத்த பட்டையைச் சுற்றிக் கட்டி அதில் கேமராவைத் தொங்கவிடலாம். இன்னும் நல்லது, பல கேமராக்களை முற்றத்தில் தனிக் கம்பங்களில் நிறுத்திக் கட்டடத்தைப் பார்க்கவைப்பது. இன்றைய லென்சுகளுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. கம்பிகளைக் கொண்டுபோகச் சுவரில் நீளப் பள்ளம் வெட்டுவதை அறவே நிறுத்த வேண்டும். கனிமக் காப்பு கொண்ட மெல்லிய செம்புக் கம்பிகள் உண்டு. பழைய தேவாலயங்களில் அவற்றைச் சுவர் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸ் விளிம்பின் மேலேயே, கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டுகிறார்கள். அவை தீயிலும் எளிதில் கருகாது. வண்ணக் கண்ணாடியின் மேல் சிதறல் தடுப்புத் தாளை நேரடியாக ஒட்டாதீர்கள். வெயிலில் சூடு தேங்கும், பிரித்தெடுக்கும்போது பழைய கண்ணாடியும் அதன் துண்டுகளை இணைக்கும் ஈயக் கோடும் சேர்ந்து வரும். உட்புறத்தில் சிறிது இடைவெளி விட்டுத் தனிச் சட்டத்தில் அடுக்குக் கண்ணாடியை நிறுத்துவதே சரி.

பை சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் கனமானது. அதைப் பழைய நடைகளிலும் மாடித் தளத்திலும் வைப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தை நடமாட்டத்துக்கும் மேசை நாற்காலிக்கும் என்றே போட்டார்கள். ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கும் பாரமும், அதைச் சுற்றித் திரளும் கூட்டமும் வேறு கணக்கு. சோதனை எல்லாம் மதில் ஓரத்தில் நடக்கட்டும். ஆழ அஸ்திவாரம் தோண்டாமல் தரைமேல் மிதக்கும் தளத்தில், திருகாணிகளால் பூட்டிய இலகுவான எஃகுக் கொட்டகை போதும். பெண்களுக்குத் தனி அறை, வெயிலுக்கு நிழல், முதியவர் உட்கார ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர் இவையும் அதில் இருக்கட்டும்.

வாசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெல்லியில் 2011-ல் இறந்தவர்கள் நீதிமன்ற அறைக்குள் இறக்கவில்லை. உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்தில் நின்றவர்கள் அவர்கள். வாசல்களை ஒவ்வொன்றாக மூடி எல்லோரையும் ஒரே வழியில் அனுப்பினால் கண்காணிப்பது எளிது என்று தோன்றும். ஆனால் கூட்டம் சாலையிலேயே தேங்கும். என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு அதன் ஆபத்து புரியும். கூட்டத்தைக் கலைத்து ஓடவிடும் பல வாசல்களும் பாதுகாப்பில் ஒரு பகுதி.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் தன் முன்வாசலை உள்ளே வருவோருக்கு மூடிவிட்டது. உயர்ந்த படிகளில் ஏறி, சட்டத்தின் முன் சம நீதி என்று பொறித்த முகப்பின் கீழ் நுழைந்தவர்கள் இப்போது பக்கவாட்டுக் கதவு வழியாகச் சோதனைக்குப் போகிறார்கள்; வெளியேற மட்டும் முன்வாசல். அந்த நீதிமன்றத்தின் நீதிபதி பிரேயர், நீதிபதி கின்ஸ்பர்க் உடன்பட, இதற்கு வருத்தம் தெரிவித்து எழுதிவைத்தார். நம் வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. அவன் ஆராய்ச்சி மணியைத் தொங்கவிட்டது அரண்மனை வாசலில். கன்றை இழந்த பசு எந்தத் தடையும் இல்லாமல் வந்து அடிக்கக்கூடிய இடத்தில். கிராமத்திலிருந்து முதல்முறை வழக்குக்காக வரும் ஒரு பெண், பிரதான வாசல் வழியாக நுழைந்து அந்த வளைவுகளை நிமிர்ந்து பார்க்கும் உரிமையை அவளுக்கு விட்டுவைக்க வேண்டும் என்று கேட்பது மிகையான ஆசையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தீயைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. என் மதிப்பீட்டில் இந்தக் கட்டடத்துக்குக் குண்டைவிடப் பெரிய எதிரி தீதான். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் மாளிகையின் கலச மகால் எரிந்து கூரை சரிந்தது. அணைக்கப்போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதைச் சுண்ணாம்பும் தேக்கும் கொண்டே மீட்டுக் கட்டியது பொதுப்பணித் துறையின் பெரிய சாதனை. அதற்காகத் துறையை மனமாரப் பாராட்டுகிறேன். உயர் நீதிமன்றத்தில் கூரை மரத்தோடு கட்டுக்கட்டாகக் காகிதமும் இருக்கிறது. பாதுகாப்புக்காக நடைகளில் கிரில் போட்டுப் பூட்டுவது, பக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைப்பது, தற்காலிகக் கம்பிகளைப் பழைய மின் இணைப்பில் மேலும் மேலும் மாட்டுவது எல்லாம் தீ நாளில் மனிதர்களைச் சிக்கவைக்கும். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாளைப் பழைய கதவைச் சேதப்படுத்தாமல் பொருத்த முடியும். மெல்லிய குழாய் வழியே காற்றை உறிஞ்சிப் புகையை முன்கூட்டியே கண்டறியும் கருவிகளும் உண்டு. கூரையில் பெரிய பெட்டிகளைத் திருக வேண்டியதில்லை. பாதுகாப்புக்கு ஒதுக்கும் நிதியில் முதல் பங்கை இதற்குக் கொடுங்கள்.

இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். காவல் அதிகாரி தேவையை எழுதுகிறார், ஒப்பந்தம் போகிறது, ஒப்பந்தக்காரரின் ஆள் துளைப்பானோடு வருகிறார். பாரம்பரியப் பொறியாளரிடம் சுவர் வெடித்த பிறகு கோப்பு வந்தால் அவரால் என்ன செய்ய முடியும்? ஒப்பந்தப் புள்ளி எழுதும் மேசையிலேயே அவரும், ஒரு பாதுகாப்பு அதிகாரியும், ஒரு தீயணைப்பு அதிகாரியும், வழக்கறிஞர் சங்கத்தின் சார்பில் ஒருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். சுவரைத் தொடும் ஒவ்வொரு வேலைக்கும் அந்தப் பொறியாளரின் கையெழுத்து கட்டாயம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்கு இது புதிதாக இருக்காது. தாஜ்மகாலைக் காப்பதும் இதே படைதான். அங்கே பளிங்கில் நினைத்த இடத்தில் துளை போட யாரும் துணிய மாட்டார்கள். நம் செங்கல்லுக்கும் அந்த மரியாதை வேண்டும். அண்ணா சாலையிலுள்ள பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இடிபடாமல் 2010-ல் தடுத்ததும் இதே நீதிமன்றம்தான். மற்றவர் கட்டடத்துக்குக் காட்டிய அக்கறையைத் தன் வீட்டுக்கும் காட்டும்படி அதனிடம் கேட்க ஒரு குடிமகனுக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

தொடங்க ஒரு நல்ல நாள் உங்கள் கையிலேயே இருக்கிறது. வளாகத்தின் வழியாகப் போகும் பாதையில் பொதுமக்கள் உரிமை கோரிவிடாதிருக்க, ஆண்டுக்கு ஒருமுறை எல்லா வாசல்களையும் ஒரு முழு நாள் மூடும் வழக்கம் உயர் நீதிமன்றத்தில் உண்டு, பெரும்பாலும் நவம்பரில். வரும் அடைப்பு நாளில் பொறியாளர்களையும் கட்டடக்கலை மாணவர்களையும் உள்ளே விட்டு, ஒவ்வொரு நடையிலும் உள்ள ஆணி, துளை, தொங்கும் கம்பி, செத்துப்போன இணைப்பு, சிமெண்ட் ஒட்டு அனைத்தையும் படமெடுத்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பயன்படாத கம்பிகளையும் தாங்கிகளையும் கழற்றி, அந்தத் துளைகளைச் சுண்ணாம்பால் மூடும் வேலை முதலில் முடியட்டும். அதன் பிறகு எந்த இடத்தில் புதிய கேமரா என்று பேசுவோம். அந்தக் கணக்கெடுப்புக்கு ஏணி பிடிக்கவும், சுண்ணாம்பு குழைக்கவும், கூலி வாங்காமல் வர நான் தயார். என்னைப் போல இன்னும் பலர் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டடங்களில் வேலை பார்க்கும் ஒரு சென்னைவாசி