அவசரப்பட்டு ரேம் வாங்கிவிடாதே

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிறது. பதில் போடாததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பரீட்சைக்குப் படிக்கிறாள், பெரியவன் படிப்பதாகச் சொல்கிறான். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

புது கம்ப்யூட்டருக்கு வாங்க நீ அனுப்பிய பாகங்களின் பட்டியலைப் பார்த்தபோது, 'இவன் திருந்தவே மாட்டான்' என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். போன வாரம் நம் சிநேகிதன் சித்தப்பு வீட்டுக்குப் போய் வந்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்த அவசரக் கடிதம். நீ இன்னும் எதையும் வாங்கவில்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

சித்தப்பு புது மெஷின் போட்டது உனக்குத் தெரியும். முதலில் 16 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு போட்டிருந்தான். பிறகு அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிவிட்டான். மெஷின் எழும்போது முதலில் ஓடும் பயாஸில், ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போவை ஆன் செய்தான். ரேம் வேகம் 6000 என்று காட்டியது, விண்டோஸ் வந்தது, கேம் ஓடியது. மனுஷன் வேறென்ன பார்ப்பான்? பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த குடும்பப் படங்களை எல்லாம் புது மெஷினுக்கு மாற்றினான். மாற்றிய கையோடு பழைய டிஸ்கை அழித்து யாருக்கோ கொடுத்தும் விட்டான்.

அப்புறம் ஒருநாள் ஒரு ஜிப் ஃபைல் திறக்கவில்லை. டவுன்லோடில் கோளாறு என்று மறுபடி இறக்கினான், அதுவும் திறக்கவில்லை. பிறகுதான் படங்களைத் திறந்து பார்த்திருக்கிறான். ஒரு படத்தில் மேல்பாதி அம்மா, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் பட்டை. எல்லாப் படமும் அப்படியில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். ஆனால் எது கெட்டது, எது நல்லது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. நான் போனபோது அந்த வேலையில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் சத்தம் போடாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? நானும் அன்றுதான் பார்த்தேன்.

பென்டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டு ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வர ஆரம்பித்தன. மெஷினை அணைத்து, பின்னால் வந்த ஜோடியைக் கழற்றி, மற்ற இரண்டையும் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு, இரவு முழுக்க ஓடவிட்டோம். ஒரு பிழைகூட வரவில்லை. அதே வேகம், அதே மதர்போர்டு. ஸ்டிக் எதுவும் கெட்டுப்போகாமலேயே இப்படி நடக்கலாம் என்பதுதான் இதில் கொடுமை.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர், எக்ஸ்670இ போர்டு, 7200 வேகத்தில் நான்கு ஸ்டிக், அதுவும் வானவில் விளக்கோடு. பிராசசரில் எனக்குச் சண்டை இல்லை. மற்றதில் எல்லாம் இருக்கிறது.

முதலில் அந்த 'நான்கு'. இந்த பிராசசரில் ரேமுக்கு இரண்டு சேனல், அதாவது இரண்டு தனி வழி. சேனலுக்கு ஒரு ஸ்டிக் என்றால் 5200 வரை உத்தரவாதம் என்று ஏஎம்டியே சொல்கிறது. சேனலுக்கு இரண்டு போட்டால் அந்தக் கணக்கு 3600-க்கு இறங்கிவிடுகிறது. ஒரே கம்பியில் இரண்டு ஸ்டிக் தொங்கும்போது சிக்னல் அவ்வளவு மங்குகிறது. இன்றைய போர்டுகள் பலவற்றில் அந்தக் கம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு அடுத்ததில் போய் முடியும். இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடச் சொல்வது அதனால்தான். கம்பியின் நுனியை வெறுமனே விட்டால் சிக்னல் அங்கே மோதித் திரும்பி வந்து கலங்கடிக்கும். அப்புறம், ஒரு பெட்டிக்குள் வரும் ஜோடியைத்தான் சேர்த்து வைத்துச் சோதித்திருப்பார்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டு பெட்டிகளை யாரும் சேர்த்துச் சோதித்ததில்லை. மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். உனக்கு 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு ஒரே பெட்டியில் வாங்கு.

நீ உடனே என்ன சொல்வாய் என்று தெரியும். 'இந்த டிடிஆர்5 ரேமில் பிழை திருத்தம் உள்ளேயே இருக்கிறதே!' இருக்கிறது. அது சிப்புக்குள் சேமித்து வைத்த பிட் மாறிப்போனால் திருத்தும், அவ்வளவுதான். சிப்பிலிருந்து பிராசசர் வரை வருகிற வழியில் என்ன கெட்டாலும் அதற்குத் தெரியாது. நாம் வேகத்தை ஏற்றும்போது பெரும்பாலும் அடிபடுவது அந்த வழிதான். சர்வர்களில் போடும் இசிசி ரேம் வேறு சாமான், அதில் இதற்கென்றே கூடுதல் சிப் உண்டு.

அடுத்து 7200. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்க்கிற உன் வியாதி இன்னும் போகவில்லை. கேட்ட தகவலைத் தர ரேம் எத்தனை கடிகாரத் துடிப்பு எடுக்கும் என்று சொல்லும் சிஎல் எண்ணையும் பார். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் முதல் தகவல் வர எத்தனை நானோ விநாடி ஆகும் என்று கிடைக்கும். 6000-க்கு சிஎல்30 என்றால் 10. நீ எழுதியிருக்கும் 7200, சிஎல்36. அதுவும் 10. நம்முடைய பழைய டிடிஆர்4 3200, சிஎல்16 போட்டுப் பார், அதே 10! விலை குறைவென்று யாராவது 6000 சிஎல்40-ஐத் தலையில் கட்டப் பார்த்தால் மட்டும் உஷாராக இரு, அது 13-ஐத் தாண்டுகிறது.

7200-ல் ஒரே நேரத்தில் அதிகத் தகவல் போகுமே என்பாய். காகிதத்தில் சரி. ஆனால் 6000 என்றால் ரேமின் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ், பிராசசருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலரும் அதே 3000-ல் ஈடுகொடுத்து ஓடும். 6400 வரை சில பிராசசர்கள் தாக்குப்பிடிக்கும், அது உன் அதிர்ஷ்டம். 7200-ல் ரேம் 3600-ல் ஓட, கண்ட்ரோலர் பாதிக்கு, அதாவது 1800-க்கு இறங்கிவிடும். கூடுதல் காசு கொடுத்து வாங்கின வேகம் அங்கேயே கரைந்துவிடும். 6000, சிஎல்30, எக்ஸ்போ முத்திரை உள்ள இரண்டு ஸ்டிக். இதற்கு மேல் யோசிக்காதே.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கு வைத்த ஸ்டிக் உயரமாக இருக்கும், நீ வாங்க நினைக்கும் பெரிய ஏர் கூலரின் ஃபேன் அதன் தலைக்கு மேல்தான் உட்கார வேண்டும். இடிக்கும். ஃபேனைத் தூக்கி மாட்டினால் கேபினட் கதவு மூடாது. அளந்து பார்த்து வாங்கு. நீ அளக்க மாட்டாய், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சரி, போர்டு. எக்ஸ்670 என்பதில் இருப்பது பி650 போர்டில் இருக்கும் அதே சிப்செட் சிப், ஒன்றுக்குப் பதில் இரண்டு. போர்ட்டுகளும் டிஸ்க் ஸ்லாட்டுகளும் கூடும். ஓவர்கிளாக் செய்வதில், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓடவிடுவதில், ஒரு வித்தியாசமும் கிடையாது. ஏ620 போர்டை மட்டும் தொடாதே, அதில் ரேம் வேகத்தை ஏற்றலாம், பிராசசரை ஏற்ற முடியாது. இன்டெல் பக்கம் போயிருந்தால் கதை வேறு. கே என்று முடிகிற பிராசசரும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் அங்கே காரியம் நடக்கும்.

போர்டில் நீ பார்க்க வேண்டியது விஆர்எம். 12 வோல்ட்டை ஒன்றே கால் வோல்ட் அளவுக்கு இறக்கி பிராசசருக்குக் கொடுக்கிற பகுதி. 7700எக்ஸ் வந்தபடியே முழு மூச்சில் 142 வாட் இழுக்கும். வகுத்துப் பார், நூறு ஆம்பியருக்கு மேல். ஒரு மூட்டையை எட்டுப் பேர் தூக்குவது போல, அதைப் பல ஃபேஸ்கள், அதாவது சின்னச் சின்ன மின்சுற்றுகள், பகிர்ந்துகொள்கின்றன. உன் பிராசசருக்குச் சுமாரான பி650 போர்டே தாராளம். பெட்டியில் ஃபேஸ் எண்ணிக்கையை 16+2+1 என்று பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. சில போர்டுகளில் ஒரே கட்டளைக்கு இரண்டிரண்டாக ஓடுவதையும் தனித்தனியாக எண்ணிவிடுவார்கள். அதன்மேல் கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா, அது வெறும் அலங்காரத் தகடு இல்லாமல் உண்மையிலேயே மடிப்பு மடிப்பான அலுமினியமா என்று பார். போர்டுக்காரன் சோதித்துப் பார்த்த ரேம் பட்டியலில் உன் ரேமின் மாடல் எண் இருக்க வேண்டும். பிராசசரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் பின்பக்கம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும், மிச்சக் காசில் நல்ல பவர் சப்ளை வாங்கு.

நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்த காலம் நினைவிருக்கிறதா? 1998-ல் வந்த இன்டெல் பிராசசர் செலரான் 300ஏ. பிராசசரை ரேமோடு இணைக்கும் பஸ்ஸின் வேகத்தை 66-லிருந்து 100-க்குத் தூக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சாமான் 450-ல் ஓடியது. ஒன்றரை மடங்கு, அதுவும் இனாமாக! ஜம்பரை மாற்றும்போது வாத்தியார் பின்னால் நின்று சுலோகம் சொன்னதை நீ இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கும் 100-ஐத் தாங்குகிற ரேம் இல்லாதவன் பாதி வழியில் நின்றான். இன்றைக்கு உன் 7700எக்ஸ் தொழிற்சாலையிலிருந்தே 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை தானாக ஏறும். நமக்கென்று மிச்சம் வைத்திருப்பது சொற்பம். கையால் எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டினால் ஒற்றைக் கோர் வேகம் குறைந்துபோகக்கூட வாய்ப்பு உண்டு. பிராசசரின் மின் வரம்பைத் தளர்த்தும் பிபிஓவை ஆன் செய்து, அதிலிருக்கும் கர்வ் ஆப்டிமைசரில் வோல்ட்டேஜை இறக்கிப் பார், அதுதான் இப்போதைய விளையாட்டு. வோல்ட்டேஜ் இறங்கினால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் அதுவே இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஆனால் ரேம், பிராசசர் இரண்டையும் ஒரே நாளில் ஏற்றாதே. முதலில் புது பயாஸ் ஏற்று. 2023-ல் சில பிராசசர்கள் கருகிய செய்தி வந்த பிறகு, மெமரி கண்ட்ரோலர் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி கட்டிவைத்தது. அதற்கு முந்தைய பயாஸோடு உன் போர்டு எங்காவது கிடங்கில் தூங்கியிருக்கலாம். பிறகு எக்ஸ்போ. முதல் தடவை ஆன் செய்ததும் திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உன் பொறுமை எனக்குத் தெரியும், தயவுசெய்து ப்ளக்கைப் பிடுங்காதே. பிறகு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான், 'ஒன்றுதானே' என்று பேரம் பேசக் கூடாது. ரேம் தேறிய பிறகுதான் பிராசசரில் கை வை. அதிலும் ஒரு வேடிக்கை: வோல்ட்டேஜை அதிகமாக இறக்கிவிட்டால் கனமான வேலையில் தாங்கும் மெஷின், சும்மா இருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். அப்போது ரேமைக் குறை சொல்லாமல் இருக்கத்தான் இந்த வரிசை.

இன்னொன்று, எக்ஸ்போவையும் ஓவர்கிளாக்காகத்தான் ஏஎம்டி கணக்கில் வைக்கிறது. வாரண்டியில் அது விழாது.

எல்லாம் முடிந்து, கடைசி டெஸ்டும் தேறும்வரை உன் படங்கள், கணக்குகள், நீ எழுதி முடிக்காத அந்த நாவல், எதையும் புது மெஷினுக்கு மாற்றாதே. பழைய டிஸ்கைக் கழற்றித் தனியாக வை. மாற்றிய பிறகும் செக்சம், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். சித்தப்புவின் படங்களில் கொஞ்சம் அவன் தங்கையிடம் இருக்கிறதாம், கேட்டு எழுதியிருக்கிறான். நீயும் அவனுக்கு ஒரு போன் போடு, ரேமைப் பற்றி மட்டும் பேசாதே.

போர்டு, ரேம், கூலர் மூன்றின் முழு மாடல் எண்ணையும், கேபினட்டில் கூலருக்கு எத்தனை மில்லிமீட்டர் உயரம் இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்பு. பெட்டியின் படம் வேண்டாம், எண்தான் வேண்டும். அது வரும்வரை எதையும் வாங்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்